பூட்டுக் கம்பியும் நூற்றெண்பது நாளும்

சேவூர்க் கிட்டுசாமி தன் தோட்டத்துக் கிணற்று மேட்டில் ஆயில் இன்ஜினைக் கிளப்பப் போனார். கைப்பிடியைச் சுற்றும்போது இன்ஜின் எதிர்ப்பக்கமாக உதைத்து, இரும்புக் கைப்பிடி திரும்பி வந்து அவர் தாடையில் அடித்தது. 1967ஆம் வருஷம், ஆனி மாதக் கடைசி. தாடை எலும்பு இரண்டு இடத்தில் விட்டிருந்தது. வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு, மனைவி மயிலாத்தாளோடு பஸ் மாறித் திருப்பூருக்கு வந்து, பல் டாக்டர் சிவசுப்பிரமணியத்தின் ஆஸ்பத்திரிப் படியேறினார்.

அங்கே கதவைத் திறந்துவிட்டவள் ஜஹானாரா. அந்த ஆஸ்பத்திரிக்கு இருந்த ஒரே நர்ஸ்.

ஜஹானாராவுக்கு அப்போது இருபத்தாறு வயது. அவளுடைய அத்தா பசீர் அகமது பனியன் கம்பெனி ஒன்றில் பேக்கிங் பார்த்தவர். எட்டாவது முடித்த மகளைக் கோயமுத்தூரில் நர்ஸ் படிப்புக்கு அனுப்பியபோது ஜமாஅத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. சனிக்கிழமை தோறும் ரயிலேறிப் போய் மகளைப் பார்த்துவிட்டு வந்தார். படிப்பு முடிந்ததும் அவளுக்கு முஸ்தபாவைக் கட்டிவைத்தார். முஸ்தபா பனியன் மிஷினுக்கு ஊசி பூட்டும் ஃபிட்டர். கல்யாணமான மூன்றாம் வருஷம் ஜஹானாரா உண்டாகி, நாலாவது மாதத்தில் கலைந்துபோனது. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஒன்றுமில்லை. கிட்டுசாமி படியேறி வந்த அந்த நாளில் அவள் மறுபடி மூன்று மாதம். முஸ்தபாவையும் அவளையும் தவிர யாருக்கும் தெரியாது. நாலாவது மாதம் தாண்டட்டும், பிறகு சொல்லலாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

தாடை எலும்பு உடைந்தால் மாவுக்கட்டுப் போட வழியில்லை. மேல் பற்களையும் கீழ் பற்களையும் கம்பியால் சேர்த்துக் கட்டி, ஆறு வாரம் வாயைத் திறக்காமல் வைத்திருக்க வேண்டும். எலும்பு தானாகக் கூடிக்கொள்ளும். அதற்கு நூல் மாதிரி மெல்லிய எவர்சில்வர் கம்பி. இரண்டிரண்டு பல்லாகச் சுற்றி முறுக்கி, ஒவ்வொன்றிலும் சின்ன வளையம் விட்டு, கடைசியில் மேல் வளையத்தையும் கீழ் வளையத்தையும் தனிக் கம்பியால் இழுத்துக் கட்டுவார் டாக்டர். இந்தக் கடைசிக் கம்பிகளுக்கு அவர் வைத்திருந்த பெயர் பூட்டுக் கம்பி.

கேட்பதற்குச் சுலபம். செய்கிறவருக்குத்தான் கஷ்டம் தெரியும். பல் இடுக்கில் வெளியிலிருந்து கம்பியை நுழைத்தால் அதன் முனை உள்ளே நாக்குப் பக்கம் வந்து நிற்கும். ரத்தமும் எச்சிலும் நிறைந்த இடம். கண்ணுக்குத் தெரியாது. விரலைவிட்டுத் தடவித்தான் முனையைப் பிடிக்க வேண்டும். வெட்டிய கம்பியின் முனை ஊசியைவிட மோசம். ஊசியாவது நேராகக் குத்தும், இது கிழித்துக்கொண்டு போகும். டாக்டருடைய ரப்பர் கையுறைகள் கொதிக்க வைத்துக் கொதிக்க வைத்து மெலிந்தவை. கிழிந்த இடத்தில் ஒட்டுப்போட்டுப் பவுடர் தட்டிக் காயவைத்து மறுபடி எடுத்து வைப்பது ஜஹானாராவின் வேலை. ஒரு தாடை கட்டி முடித்தால் டாக்டரின் விரலில் இரண்டு மூன்று குத்தாவது இருக்கும். "கட்டை வேலை செய்யறவனுக்குச் சிராய் ஏறாமலா இருக்கும்" என்பார். ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்துக்கொண்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடுவார்.

கிட்டுசாமிக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. மொத்தம் ஆறு பூட்டுக் கம்பி. ஜஹானாரா உதட்டை விலக்கிப் பிடித்திருந்தாள். கஞ்சி, மோர், பருப்புத் தண்ணீர் மட்டும், அதுவும் கன்னத்தின் ஓரமாக ஊற்ற வேண்டும் என்று மயிலாத்தாளுக்கு இரண்டு தடவை சொல்லி அனுப்பினாள். அவர்கள் இரண்டு நாள் உறவுக்காரர் வீட்டில் தங்கிவிட்டுச் சேவூருக்குப் போனார்கள்.

ஒன்பதாம் நாள் புதன்கிழமை. புதன்கிழமைகளில் டாக்டர் கோயமுத்தூருக்குப் போய்விடுவார், சாயங்காலம்தான் திரும்புவார். ஆடி பிறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. காற்று ஜன்னலை உலுக்கிக்கொண்டிருந்தது. ஜஹானாரா கையுறைகளைக் கொதிக்க வைத்துப் பின்கட்டுக் கொடியில் காயப்போட்டுவிட்டு, மற்றவற்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த தெரு பனியன் கம்பெனியில் மதியச் சங்கு ஊதிய நேரம், வாசலில் மாட்டு வண்டி நின்றது.

"அம்முணி, சீக்கிரம் வாங்க. இவிய ஒரு மாதிரியா இருக்கறாங்க." மயிலாத்தாளின் குரல்.

பஸ் நிறுத்தத்தில் கிட்டுசாமி சரிந்துவிட, யாரோ ஒரு புண்ணியவான் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். மயிலாத்தாளும் வண்டிக்காரரும் இரண்டு பக்கமும் தாங்கி அவரை உள்ளே கொண்டு வந்தார்கள். வாசல் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. வெள்ளை விழி இரண்டும் மஞ்சளாக இருந்தது. பழுத்த பூவரச இலையின் நிறம்.

ஜஹானாரா அதைப் பார்த்தாள். பார்த்தது என்ன என்பதும் அவளுக்குத் தெரிந்தது. கோயமுத்தூரில் படிக்கும்போது, காமாலை நோயாளிக்கு ஊசி போட்ட ஒரு நர்ஸ் அதே ஊசி தன் கையில் குத்தி, மூன்றாம் மாதம் படுத்து எழுந்திருக்காமலே போனதை அவள் கண்ணால் கண்டிருக்கிறாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"நேத்திருந்து கொமட்டுதுன்னு கை சாடை காட்டுனாங்க. காலைல கஞ்சி ஊத்துனனுங்க. வவுத்துல நிக்கல போல."

அவள் சொல்லி முடிப்பதற்குள் கிட்டுசாமியின் உடம்பு முன்னால் குலுங்கியது. வாந்தி வந்துவிட்டது. வெளியே போக வழியில்லை. பற்கள் இறுகப் பூட்டியிருக்க, இடுக்கு வழியாகக் கொஞ்சம் வழிந்தது. மிச்சமெல்லாம் திரும்பித் தொண்டைக்குள் போனது. அவர் இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். மூக்கு விடைத்தது. உதடு கறுக்கத் தொடங்கியது.

கையுறைகள் பின்கட்டில் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. எடுத்து மாட்ட ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷம் கிட்டுசாமியிடம் இல்லை.

"ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க. தலை கீழ தொங்கட்டும். அக்கா, காலைப் புடிச்சுக்குங்க" என்று சொன்னபடியே வெட்டுக்குறட்டை எடுத்தாள். அந்த ஆஸ்பத்திரிக்கு இருந்தது அந்த ஒரு குறடுதான்.

இடது கை விரலால் உதட்டை இழுத்தாள். முதல் பூட்டுக் கம்பியைக் குறட்டுக்குள் வாங்கி அழுத்தினாள். டக்கென்று அறுந்தது. இரண்டாவது. மூன்றாவதை வெட்டும்போது அவர் தலையை உதறினார். அறுந்த முனை அவளுடைய ஆள்காட்டி விரலின் அடியில் ஏறியது. சுரீரென்றது. விரலை எடுக்கவில்லை. நாலாவது கம்பியின் துண்டு தெறித்து அவள் கண்ணுக்குக் கீழே கன்னத்தில் பட்டு விழுந்தது. ஐந்து. ஆறு. தாடை விட்டதும் வாயை விரலால் நெம்பித் திறந்தாள். தேங்கியதெல்லாம் அவள் கைமேல் கொட்டியது.

கிட்டுசாமி கிணற்று வாளி தண்ணீரைவிட்டு வெளியே வருவதுபோல ஒரு சத்தத்தோடு மூச்சை இழுத்தார். பிறகு இருமினார். பிறகு அழுதார்.

மயிலாத்தாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வண்டிக்காரர் தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஜஹானாரா குழாயடிக்குப் போய்க் கையை நீட்டினாள். விரலடியில் சின்னப் பொட்டாக ரத்தம். பிதுக்கிப் பிதுக்கிக் கழுவினாள். சோப்புப் போட்டாள், ஸ்பிரிட் ஊற்றினாள், மறுபடி பிதுக்கினாள். எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. எரியட்டும் என்று இன்னும் ஊற்றினாள்.

*

நாலரை மணிக்கு டாக்டர் வந்தார். கிட்டுசாமி பெஞ்சில் படுத்திருந்தார். தாடையைக் கீழிருந்து தாங்கித் தலையோடு துணிக்கட்டுப் போட்டிருந்தாள் ஜஹானாரா. டாக்டர் அவர் கண்ணைக் கீழிமையோடு இழுத்துப் பார்த்தார். வயிற்றை வலப்பக்கம் அமுக்கிப் பார்த்தார்.

"சித்திரை வைகாசியில ஊசி ஏதாவது போட்டீங்களா?" என்று மயிலாத்தாளைக் கேட்டார்.

"காய்ச்சல்னு ஒரு கம்பவுண்டர்கிட்ட நாலு ஊசி போட்டோமுங்க. சைக்கிள்ல ஊர் ஊரா வருவாருங்க."

டாக்டர் தலையை ஆட்டினார். அவர்களை உள்ளூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி அனுப்பிவைத்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, "உனக்குக் குத்துச்சா?" என்றார்.

"ஆமாங்க சார். மூணாவது கம்பி."

"கையுறை?"

"எடுக்க நேரமில்லீங்க."

வெளியே காற்று எதையோ உருட்டிக்கொண்டு போனது. பிறகு மெதுவாகச் சொன்னார். இது தண்ணீரில் வருகிற காமாலையாக இருந்தால் பயமில்லை. ஊசியில் வந்ததாக இருந்தால் ரத்தத்தில் இருக்கும். ரத்தம் பட்ட முனை இன்னொருவர் ரத்தத்தில் பட்டால் போதும். உடனே தெரியாது. இரண்டு மாதம் ஆகலாம், மூன்று மாதம் ஆகலாம். ஆறு மாதம் தாண்டினால் தப்பித்ததாக அர்த்தம். வருமா வராதா என்று முன்கூட்டிச் சொல்ல ஒரு பரிசோதனையும் இல்லை. வந்தால் ஓய்வைத் தவிர வைத்தியமும் இல்லை.

"நூத்தியெண்பது நாளுங்களா?"

"அப்படி வெச்சுக்கலாம். மெட்ராஸ்ல வராமத் தடுக்கற மருந்து ஒண்ணு இருக்குது. கேட்டு எழுதறேன். கிடைக்கும்னு சொல்ல முடியாது."

ஜஹானாரா கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள். "சார், எனக்கு இப்ப மூணு மாசமுங்க."

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தன் இரண்டு கையையும் மேஜைமேல் விரித்து வைத்து, எதையோ தேடுகிறவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவளுக்கு இருந்த கவலையில் அவர் ஏன் அப்படிப் பார்க்கிறார் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

மருந்து கையிருப்பில் இல்லை என்று பத்தாம் நாள் மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது.

*

அதற்கப்புறம் நாட்கள் நகர்ந்த விதத்தை ஜஹானாராவால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. காலையில் எழுந்ததும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு கிழக்கு வாசலுக்கு வருவாள். கீழிமையை இழுத்து வெள்ளை விழியைப் பார்ப்பாள். வெள்ளையாக இருக்கும். உள்ளே போனதும் சரியாகப் பார்த்தோமா என்று சந்தேகம் வரும். மறுபடி வருவாள். சிறுநீர் மஞ்சளாகப் போனால் அன்று முழுக்கத் தண்ணீராகக் குடித்து மறுபடி மறுபடி போய்ப் பார்ப்பாள். குமட்டினால் அது மசக்கையா காமாலையா என்று தெரியாது. மசக்கைக்காரிக்குச் சோறு பிடிக்காமல் போவது உலக வழக்கம். அவளுக்குச் சோறு பிடிக்காத ஒவ்வொரு வேளையும் ஒரு கண்டம்.

தனக்கென்று ஒரு தட்டும் ஒரு டம்ளரும் ஒதுக்கிக்கொண்டாள். துணியைத் தனியாகத் துவைத்தாள். முஸ்தபா சாப்பிட்ட தட்டில் அவளும் சாப்பிடுவது வழக்கம், அதை நிறுத்தினாள். கேட்டால், மசக்கையில் எச்சில் வாசம் ஆகவில்லை என்றாள்.

ஐந்து வாரம் ஆனது. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து சாப்பிட வந்த முஸ்தபா, அவளுடைய டம்ளரில் தண்ணீர் மோந்து குடிக்கப் போனான். அவள் பாய்ந்து வந்து பிடுங்கினாள். டம்ளர் தரையில் உருண்டது.

முஸ்தபா உட்கார்ந்தபடியே அவளைப் பார்த்தான். "ஜானு, என்னமோ இருக்குது. ஒரு மாசமா நீ நீயா இல்ல. சொல்லு."

சொன்னாள். விரலைக் காட்டினாள். காயம் ஆறித் தடமே இல்லை. தடமே இல்லாத இடத்தை நீட்டிக்கொண்டு அழுதாள்.

முஸ்தபா கோபப்படுவான் என்று நினைத்திருந்தாள். அவன் அந்த விரலைப் பிடித்து, வெகுநேரம் விடாமல் வைத்திருந்தான். முகம் மட்டும் வெளுத்துப் போயிருந்தது.

"வேலைக்குப் போகாதேன்னு சொல்லப் போறீங்களா?"

"இனிப் போகாம இருந்து என்ன ஆகப்போவுது. குத்தினது குத்தினதுதான." சற்றுப் பொறுத்துக் கேட்டான்: "அந்தக் கம்பி முனையை எதுக்குக் கையில தேடறீங்க?"

"வேற எதுல தேடறது? உள்ள கண்ணுக்குத் தெரியாதுங்க. பல்லுச் சந்துல வர்ற முனையை விரல்லதான் தடவிப் புடிக்கோணும்."

அவன் எழுந்து கை கழுவினான். சோறு பாதி தட்டிலேயே இருந்தது. ஆனால் அன்றிலிருந்து அவனுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. கவலையை வைத்துக்கொண்டு சும்மா உட்காரத் தெரியாத மனிதன் அவன். பனியன் மிஷினில் ஓடும் ஊசியின் முனையில் சின்னக் கொக்கி இருக்கும். கொக்கிக்குக் கீழே ஆடுகிற ஒரு நாக்கு. நூல் கொக்கிக்குள் விழுந்ததும் நாக்கு எழும்பிக் கொக்கியின் வாயை மூடிவிடும். தேய்ந்த ஊசிகளைக் கம்பெனியில் கேட்டு வாங்கி வந்தான். தடித்த ஊசியாகத் தேர்ந்தெடுத்து, நீளமான பித்தளைக் கைப்பிடியில் பற்றவைத்து, நுனியைப் பல்வரிசைக்குத் தகுந்தாற்போல வளைத்தான். முதலில் செய்தது வளைக்கும்போதே முறிந்தது. அடுத்ததில் நாக்கு சிக்கிக்கொண்டது. அவன் அறுத்ததும் ராவியதுமாக வாசலில் உட்கார்ந்திருப்பதை அவள் உள்ளிருந்து பார்ப்பாள். அவன் அவளைப் பார்க்கும்போது முதலில் அவளுடைய கண்ணைத்தான் பார்க்கிறான் என்பது அவளுக்குத் தெரியும்.

*

கிட்டுசாமி காமாலையிலிருந்து மெல்லத் தேறினார். ஆவணி மாதம் பற்களில் மிஞ்சியிருந்த வளையங்களைக் கழற்ற வந்தபோது, டாக்டர் ஜஹானாராவை அறைக்குள் விடவில்லை. இரண்டு ஜோடிக் கையுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு தனியாகவே கழற்றினார். ஜஹானாராவுக்கு நாலாவது மாதம் தாண்டியது. வயிற்றுக்குள் அசைவு தெரிந்தது. அசையும்போது சந்தோஷமும் அதன் பின்னாலேயே பயமும் வந்தது.

புரட்டாசி நடுவில் ஒரு காலை. டாக்டர் ஒரு கிழவருக்குப் பல் பிடுங்கிவிட்டுக் கை கழுவ ஜன்னலோரம் வந்தார். கொஞ்ச நாளாகவே அவர் மதியச் சாப்பாட்டைத் திறக்காமல் வீட்டுக்கு எடுத்துப் போனார். மூட்டு வலிக்கிறது என்று உட்கார்ந்தே வேலை செய்தார். வயசாச்சு என்று அவளும் எண்ணிக்கொண்டிருந்தாள். துண்டை நீட்டியவள் அவர் முகத்தைப் பார்த்தாள். எண்பது நாளாகத் தினமும் வெள்ளை விழியைப் பார்த்துப் பழகிய கண் அவளுடையது.

"சார், கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திரும்புங்க."

"ஏம்மா?"

"திரும்புங்க சார்."

திரும்பினார். அவள் பார்வை அவர் கண்ணிலேயே நின்றது. டாக்டர் சுவரில் இருந்த கண்ணாடியிடம் போய், தன் கீழிமையைத் தானே இழுத்துப் பார்த்தார். பிறகு துண்டை மடித்துக் கொடியில் போட்டார்.

"கட்டின அன்னிக்கே குத்துச்சு. மூணு இடம். அவருக்கு மஞ்சளானப்பவே எனக்குத் தெரியும்."

"எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே."

"நீ உன் பாட்டையே தூக்க மாட்டாமத் தூக்கிட்டு இருந்த. இதையும் எதுக்கு ஏத்தோணும்னு விட்டுட்டேன்." அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அன்றைக்கு வரவேண்டிய நோயாளிகளின் பட்டியலைக் கேட்டார். "எல்லாத்தையும் திருப்பி அனுப்பிடு. இனி நான் யாரு வாயிலயும் கை வைக்கக் கூடாது. இன்னிக்குத் தொட்ட சாமானையெல்லாம் அரை மணி நேரம் பிரஷர்ல வேக வை. கையுறை போட்டுட்டு எடு."

அன்று மாலையே அவரைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனார்கள். ஜஹானாரா ஆஸ்பத்திரிக் கதவைச் சாத்திவிட்டு அதன் மேலேயே சாய்ந்து நின்றாள். அவருக்கு வந்துவிட்டது என்றால் கிட்டுசாமிக்கு இருந்தது ரத்தத்தில் வரும் காமாலைதான். இதுவரை இருந்த சந்தேகத்தின் நிழலும் போய்விட்டது. தன் முறை எப்போது என்பதுதான் பாக்கி.

டாக்டருக்கு நோய் முற்றியது. ஐப்பசியில் ஒரு வாரம் நினைவு தப்பி, கையை ஆட்டி ஆட்டி ஏதேதோ பேசிக்கொண்டிருந்தார் என்று அவர் மனைவி வேலாத்தாள் சொல்லியனுப்பினார். ஜஹானாரா ஏழு மாத வயிற்றோடு ரயிலேறிப் போய்ப் பார்த்தாள். படுக்கையில் இருந்தவர் அவளை அடையாளம் தெரிந்து முதலில் கேட்டது, "உனக்கு?" என்பதுதான்.

"இன்னும் ஒண்ணுமில்லீங்க சார்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வேலாத்தாள் அவளை வெளியே கூட்டிவந்து காப்பி வாங்கிக் கொடுத்தார். கொஞ்ச நேரம் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி அந்த நீளமான வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள்.

*

ரம்ஜான் நோன்பு முழுக்க ஜஹானாரா வீட்டிலேயே இருந்தாள். கர்ப்பிணிக்கு நோன்பு கட்டாயமில்லை. ஆனாலும் துஆவுக்குக் குறைவில்லை. பெருநாள் கழிந்த மூன்றாம் நாள் காலை வலி கண்டது. முஸ்தபா பிரசவ விடுதிக்கு வண்டியில் கூட்டிப்போனான். அங்கே பிரசவம் பார்த்தவர் தெய்வாத்தாள் என்ற நர்ஸ். பத்து வருஷமாக அந்தப் பக்கத்துப் பிள்ளைகளையெல்லாம் கையில் வாங்கியவர்.

வலிக்கு நடுவில் ஜஹானாரா அவர் கையைப் பிடித்தாள். சொன்னால் இவர் விலகிப் போய்விடுவாரோ என்று ஒன்பது மாதமாக இல்லாத புதுப் பயம் ஒன்று வந்தது. சொல்லாமல் இருந்தால்? சைக்கிளில் வந்த கம்பவுண்டரின் ஊசியிலிருந்து கிட்டுசாமி, கிட்டுசாமியிடமிருந்து டாக்டர். தெரியாமலே ஒருவரிடமிருந்து ஒருவருக்கு என்று வந்த வழி அவளுக்குத் தெரியும்.

"அக்கா, ஒண்ணு சொல்லோணும். ஆடியில எனக்கு ஒரு காமாலைக்காரர் ரத்தம் பட்ட கம்பி குத்திடுச்சுங்க. இன்னும் பதினோரு நாள் பாக்கி இருக்குது. எனக்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நீங்க உறை போடாமத் தொடாதீங்க. தையல் போட்டா ஊசி பத்திரம்."

தெய்வாத்தாள் சேலையை இழுத்துச் செருகியபடி அவளைப் பார்த்தார். "இத்தனை வருசத்துல இப்படி ஒருத்தரும் எங்கிட்டச் சொன்னதில்ல கண்ணு" என்றார். பீரோவைத் திறந்து புதுக் கையுறைகளை எடுத்தார். "சொன்னதுக்கு நல்லாயிரு. இப்ப நீ உன் வேலையைப் பாரு. என் கையை நான் பாத்துக்கறேன்."

பிற்பகலில் பெண் குழந்தை பிறந்தது. சைதுன்னிசா என்று முஸ்தபாவின் தாயார் பெயரையே வைத்தார்கள். பிறந்த மூன்றாம் நாள் குழந்தையின் உடம்பு லேசாக மஞ்சள் பூத்தது. பிறந்த பிள்ளைகளுக்கு இப்படி வந்து போவது சகஜம் என்று நர்ஸான அவளுக்குத் தெரியும்; எத்தனையோ தாய்மாருக்கு அவளே சொல்லியிருக்கிறாள். ஆனால் அந்த நாலு நாளும் அவள் ஒரு வாய் சோறு இறக்கவில்லை. குழந்தையை வெயிலில் காட்டிக் காட்டிப் பார்த்தாள். தான் பால் கொடுப்பது சரியா தப்பா என்று யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்கக்கூடிய ஒரே மனிதர் கோயமுத்தூரில் படுத்திருந்தார். குழந்தை அழுதது; கொடுத்தாள். கொடுக்கும்போதும் அழுதாள். ஏழாம் நாள் குழந்தையின் தோல் ரோஜா நிறத்துக்கு வந்தது.

மாட்டுப் பொங்கலன்று நூற்றெண்பது நாள் முடிந்தது. தெருவில் மாடுகளுக்குக் கொம்பில் வர்ணம் பூசி ஓட்டிக்கொண்டு போனார்கள். மாலையில் முஸ்தபா அவளுடைய தட்டில் கைவைத்து ஒரு கவளம் எடுத்துச் சாப்பிட்டான். அவள் தடுக்கவில்லை.

*

டாக்டர் சிவசுப்பிரமணியம் மாசி மாதம் ஆஸ்பத்திரியைத் திறந்தார். சட்டை தோளில் நிற்காத அளவுக்கு மெலிந்திருந்தார். முஸ்தபா செய்த கொக்கியைக் கையில் வாங்கி, ஒரு கம்பியின் முனையை அதில் மாட்டிப் பார்த்தார். நாக்கு எழும்பி முனையை மூடிக்கொண்டது. "அஞ்சாறு செஞ்சு வைங்க தம்பி, இது ஒடையும்" என்றார். உண்மையிலேயே அடிக்கடி உடைந்தது. சில வாய்க்கு அது எட்டவே எட்டாது. அப்போது விரலைத்தான் விட வேண்டியிருந்தது. ஆனால் குத்து குறைந்தது. கம்பியை வெட்டும்போது முனை தெறிக்காமல் இன்னொரு இடுக்கியால் பிடித்துக்கொள்வதையும், வெட்டிய முனைகளை உடனே உள்பக்கம் மடிப்பதையும், யாருக்குக் கம்பி கட்டினாலும் ஒரு வெட்டுக்குறட்டை நூல் கட்டி அவர்கள் கழுத்தில் போட்டு அனுப்புவதையும் ஜஹானாரா வழக்கமாக்கினாள். எந்தக் கம்பியை எப்படி வெட்ட வேண்டும் என்று கூட வருகிறவர்களுக்குச் செய்து காட்டாமல் விடமாட்டாள்.

பங்குனியில் ஒருநாள் மயிலாத்தாள் நிலக்கடலை மூட்டையோடு வந்தாள். கிட்டுசாமி வாசலிலேயே நின்றுவிட்டார். டாக்டர் படுத்த சங்கதி அவர்கள் காதுக்கு அப்போதுதான் எட்டியிருந்தது.

"எங்களாலதானுங்களா அம்முணி?" என்றாள் மயிலாத்தாள். மூட்டையை இறக்கக்கூட இல்லை.

இல்லை என்று சொல்ல ஜஹானாராவுக்கு வாய்வரை வந்தது. ஆனால் அது பொய்.

"உங்க வீட்டுக்காரங்க ரத்தத்துலிருந்து வந்ததுதானுங்க" என்றாள். "அவங்க கொண்டு வந்து குடுக்கல. அவங்களுக்கும் யாரோ ஊசியில குடுத்ததுதான். எங்க கையைப் பாத்துக்கற வழி எங்களுக்கு அப்பத் தெரியலீங்க. அவ்வளவுதான்."

"டாக்டரய்யா கோவிச்சுக்குவாருங்களா?"

"வந்து பாருங்க."

அவர்கள் உள்ளே போனார்கள். டாக்டர் கிட்டுசாமியை நாற்காலியில் உட்கார வைத்து வாயைத் திறக்கச் சொன்னார். பூட்டு முன்கூட்டியே அறுந்ததால் தாடை ஒரு நூலளவு கோணிக் கூடியிருந்தது. இடப்பக்கம் மென்றால் கடைவாய்ப்பல் இடித்தது. அந்தப் பல்லைக் கொஞ்சம் ராவிவிட்டால் சரியாகும் என்றார். கிட்டுசாமி இரண்டு கையையும் கூப்பி, "வேண்டாமுங்க சாமி, இன்னொருக்கா எங்கிட்ட வராதீங்க" என்றார்.

"உங்களுக்கு இருந்தது எனக்கு வந்து போயிடுச்சு. ஒருக்கா வந்தவங்களுக்கு மறுபடி வராது. இனி உங்களைப் பார்த்து நான் பயப்பட ஒண்ணுமில்ல" என்றார் டாக்டர். "பயப்பட வேண்டியவ அவதான்." பிறகு ஜஹானாராவிடம், "நீ வேணும்னா வெளிய இரு" என்றார்.

அவள் வெளியே போகவில்லை. இரண்டு ஜோடிக் கையுறை மாட்டிக்கொண்டு வந்து, கிட்டுசாமியின் உதட்டை விலக்கிப் பிடித்தாள். பல்லை ராவி முடிக்கும்வரை அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது.

இன்னும் பதினோரு வருஷம் அவள் அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். நாற்பதுக்கு மேற்பட்ட தாடைகளுக்குக் கம்பி கட்டியபோது கூட நின்றாள். ஒவ்வொரு தடவையும் அந்த அடிப்பு வந்தது. அது நிற்கவேண்டும் என்று அவளும் ஆசைப்படவில்லை. பயம் விட்டவர்கள்தான் கையை மறந்து உள்ளே விடுகிறார்கள் என்று, புதிதாக வேலைக்கு வந்த நர்ஸுகளிடம் அவள் சொல்வதுண்டு.